சுவர் தள்ளும் வண்டிக்கு மட்டம் பார்த்த நாள்

அந்த வண்டி கேற்றடியில் வந்து நின்றபோது எனக்கு வந்த முதல் யோசனை, கேற்றுத் தூண் விழுந்தால் அதைத் திருப்பி யார் கட்டுவது என்பதுதான். வண்டியின் அழகோ நிறமோ கண்ணில் படவே இல்லை. ஒரு பஸ்ஸின் நீளம் இருந்தது. அகலம் பஸ்ஸைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்போலத் தெரிந்தது. நான் கழிவறை கழுவுகிற வாளியோடு உள்ளே நின்றேன். சாரதி ஆசனத்திலிருந்து ஒரு கிழவர் தலையை நீட்டி, கேற்றைத் திறக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"தொமானி," என்றேன். நாளைக்கு வாருங்கோ என்று அர்த்தம்.

அவர் சிரித்தார். பிறகு வண்டியின் என்ஜினை நிற்பாட்டினார். அவர் போக மாட்டார் என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது, மார்ச் மாதம். இத்தாலியில், பலெர்மோப் பட்டணத்துக்கு வெளியே மொண்டெல்லோவைத் தாண்டி, கடற்கரையோரம் சனங்கள் கூடாரம் அடித்தும் வீட்டு வண்டிகளை விட்டும் தங்குகிற ஒரு இடத்தில் எனக்கும் என் மனிசன் இவருக்கும் வேலை கிடைத்திருந்தது. "காம்பில வேலை" என்று இவர் வந்து சொன்ன நாள் நான் வர மாட்டேன் என்றேன். எங்கள் ஊரில் காம்ப் என்றால் ஆமிக்காரன் இருக்கிற இடம். "காசு குடுத்துக் காம்பில இருக்கிற சனமும் உலகத்தில இருக்கப்பா," என்று இவர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் போய்க் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

வேலைக்கு ஈஸ்டர் வரையும் பரீட்சைக் காலம். அதற்குள் இடத்தின் சொந்தக்காரிக்கு, நாங்கள் பத்ரோனா என்று சொல்லுகிற அந்த அம்மாவுக்கு, எங்களைப் பிடித்தால் காவல்காரர் வேலை நிரந்தரம். அதோடு சேர்த்து கேற்றுக்குப் பக்கத்தில் இருந்த காவல்காரர் வீடும் எங்களுக்கு. இரண்டு அறை, ஒரு குசினி, முன்னுக்குத் தனிக் கதவு. அந்தத் தனிக் கதவுதான் எனக்கு முக்கியம். அப்போது நாங்கள் பட்டணத்துக்குள், அல்பெர்கேரியாவில் ஒரு அறையை நடுவில் சீலை கட்டிப் பிரித்து, இன்னொரு குடும்பத்தோடு இருந்தோம். நல்ல சனம். ஆனால் சீலைக்கு அந்தப் பக்கம் அவர்களின் பிள்ளை இருமினால் இந்தப் பக்கம் நான் எழும்பி உட்கார்ந்துவிடுவேன். அந்தப் பிள்ளைக்குத் தாய் இருக்கிறாள் என்று இவர் எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு நித்திரை வராது. என் மனம் அப்படி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மற்ற ஆட்கள் படித்த நேரத்தில் நான் பயப்படப் பழகினேன் என்று நினைக்கிறேன்.

பத்ரோனா இவரிடம் முதல் நாளே ஒரு கேள்வி கேட்டிருந்தா. "பெரிய வண்டிகளை மட்டம் பார்த்து விடத் தெரியுமா?"

"சீ, சீ, சிஞ்ஞோரா," என்று இவர் தலையாட்டினார். ஓம், ஓம் அம்மா, தெரியும் என்று அர்த்தம்.

பின்னேரம் பஸ்ஸில் வரும்போது கேட்டேன். "உங்களுக்கு மெய்யாத் தெரியுமோ?"

"என்னத்தை?"

"வண்டியை மட்டம் பாத்து விடுறது."

"அது என்ன பெரிய காரியமே? வண்டி நிக்கும். நாங்கள் பாத்துக்கொண்டு நிப்பம்."

"சரிஞ்சால்?"

"சரிஞ்சால் மற்றப் பக்கம் போய் நிண்டு பாப்பம். நீர் பேசாமல் வாரும்."

இந்த மனிசன் எதற்கும் 'சீ' சொல்லுவார். வந்த புதிதில் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே மூன்று வேலை எடுத்தவர். மூன்றையும் விட்டவர்.

இப்போது விளையாட்டு இல்லை. அமெரிக்காவிலிருந்து ஒரு பெரிய வண்டி வரப்போகிறது, மூன்று கிழமை நிற்கும், கடல் பார்க்கிற நல்ல இடத்தை அதற்கு ஒதுக்கியிருக்கிறேன் என்று பத்ரோனா சொல்லியிருந்தா. போன வருடம் இருந்த காவல்காரன் ஒரு ஜெர்மன்காரரின் வண்டியைச் சரிவில் விட்டு, அந்தச் சனம் இரவு முழுக்கக் கட்டிலிலிருந்து உருண்டு, விடிய எழும்பிப் போய்விட்டார்களாம். அன்றைக்கே காவல்காரனையும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன் என்று சொன்னா. "இந்த அமெரிக்கன் போனால் நீங்களும் போவீர்கள்," என்று முடித்தா. சிரித்துக்கொண்டுதான் சொன்னா. ஆனால் சொன்னா.

வண்டி வர வேண்டிய நாளுக்கு ஒரு நாள் முந்தியே வந்து நின்றது. அன்றைக்கு இவர் விடிய முதலே குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோருக்குப் போய்விட்டார், இந்த நாட்டில் இருக்க விடுகிற பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க. வரிசையில் நின்று திரும்ப மத்தியானம் தாண்டும். பத்ரோனா பல் பிடுங்கப் பட்டணத்துக்குப் போயிருந்தா. "யார் வந்தாலும் தொமானி சொல்லு" என்பதுதான் எனக்குத் தந்த ஒரே கட்டளை.

நான் அதை ஆறு தரம் சொன்னேன். கிழவர் ஆறு தரமும் கேட்டார். பிறகு இறங்கி வந்தார். கட்டையான மனிதர், வெள்ளை மீசை. கதைக்கத் தொடங்கியதும் எனக்கு ஆச்சரியம். அமெரிக்கன் என்றல்லவா சொன்னார்கள்! இவர் கதைத்தது பலெர்மோச் சந்தைக் கிழவர்கள் கதைக்கிற சிசிலியானோ. இந்தப் பக்கத்து ஊரில் பிறந்து, பதினேழு வயதில் கப்பல் ஏறி, அமெரிக்காவில் பேக்கரியில் நாற்பது வருடம் பாண் சுட்டவராம். இப்போது வண்டியையும் மனைவியையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஊர் பார்க்க வந்திருக்கிறார். மனைவி அசல் அமெரிக்காக்காரி. நல்ல உயரம், தலையில் பனையோலை மாதிரி அகலமான தொப்பி. அந்த அம்மாவுக்குத் தெரிந்த இத்தாலியன் நன்றி சொல்லுகிற 'கிராத்சியே' மட்டும். எனக்குத் தெரிந்த இங்கிலிஷ் எட்டாம் வகுப்பு இங்கிலிஷ். இரண்டு பேரும் 'தாங்க் யூ, கிராத்சியே' என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டோம்.

"வீதியில் எவ்வளவு நேரம் நிற்பது?" என்றார் கிழவர். "பின்னால் பாருங்கோ."

பின்னால் ஒரு மீன் வண்டி, அதற்குப் பின்னால் இரண்டு கார். மீன்காரன் ஹோர்னிலிருந்து கையையே எடுக்கவில்லை. இந்த மனிதர் கோபித்துக்கொண்டு வேறு இடம் போனால் எங்கள் கதவும் கூடப் போகும். உள்ளே விட்டால் தூண் போகும். தூணையாவது கட்டலாம் என்று கேற்றைத் திறந்தேன்.

வாளியை வைத்துவிட்டு இரண்டு தூணுக்கும் இடையில் கையால் சாண் வைத்து அளந்தேன். பிறகு வண்டியின் முகப்பையும் அளந்தேன். கிழவர் திரும்ப ஏறி மேலிருந்து எட்டிப் பார்த்தார். இந்தப் பக்கம் ஒரு சாண் மிச்சம், அந்தப் பக்கம் ஒரு சாண் மிச்சம் என்று கையை விரித்துக் காட்டினேன். அவர் பக்கக் கண்ணாடிகளை மடக்கினார். நான் முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டு "பியானோ! பியானோ!" என்று கத்தினேன். மெல்ல, மெல்ல. பலெர்மோவில் நான் படித்த முதற்சொல் அதுதான், இன்றுவரைக்கும் அதிகம் பாவிக்கிற சொல்லும் அதுதான். வண்டி தூணில் முட்டவில்லை. மீன்காரன் கைதட்டினான்.

கடல் பார்க்கிற இடத்தில் வண்டியைக் கொண்டுபோய் விட்டதும் எனக்கு மூச்சு வந்தது. இனி இவர் வரும்வரைக்கும் இப்படியே நிற்கட்டும் என்று நினைத்தேன். கிழவர் விடவில்லை. வாருங்கோ என்று கூப்பிட்டு உள்ளே ஏற்றினார். எங்கள் அல்பெர்கேரியா அறையைவிடப் பெரிசு. குசினி, குளிரூட்டி, சோபா, எல்லாம் இருந்தன. அவர் குசினி மேசையின் லாச்சியை இழுத்துக் காட்டினார். பிறகு சோபா இருந்த பக்கத்துச் சுவரைக் காட்டினார். திரும்ப லாச்சியை இழுத்தார். திரும்பச் சுவரைக் காட்டினார்.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அந்தச் சுவர் சோபாவோடும் ஜன்னலோடும் சேர்ந்து லாச்சிபோல வெளியே போகுமாம்! ஒரு பொத்தானை அமத்தினால் அறை அகலமாகிவிடும்.

"மேசை சரிஞ்சு நின்றால் லாச்சி என்ன செய்யும்?" என்று கேட்டார்.

"இறுகும்," என்றேன்.

"அதுதான்! முதலில் மட்டம். பிறகுதான் சுவர்." சலேர்னோவுக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் அவசரப்பட்டு மட்டம் சரியாகப் பார்க்காமல் பொத்தானை அமத்தினாராம். சுவர் பாதி வழியில் இறுகிக்கொண்டது. உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது. இரண்டு நாள். "இரண்டு நாளும் இவள் என்னோடு கதைக்கவில்லை," என்று மனைவியைக் காட்டினார். "மூன்றாம் நாள் கதைத்தாள். அதுதான் கஷ்டமாக இருந்தது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவர் பாதியில் நிற்பதையும், பத்ரோனா வருவதையும், நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பதையும் நான் அப்போதே கண்டுவிட்டேன். "என்ர மனிசன் வரட்டும்," என்று கெஞ்சினேன். "அவருக்குத் தெரியும்." பொய் சொன்னதற்கு அந்தோனியாரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். கிழவர் கேட்கிற ஆள் இல்லை. மனைவிக்குக் கால் நீட்ட வேண்டும், சுவர் வெளியே போனால்தான் அதற்கு இடம் வரும். பெட்டியைத் திறந்து தடித்த பலகைகளைக் கீழே எறிந்தார். பிறகு சாரதி ஆசனத்தில் ஏறி என்ஜினைப் போட்டார். போட்டுவிட்டு ஜன்னலால் என்னைப் பார்த்துக் கத்தினார்:

"லா பொல்லா! லா பொல்லா!"

நான் இரண்டு எட்டுப் பின்னுக்குப் போனேன்.

ஏன் என்று சொல்ல வேண்டும். இதற்கு முதல் நான் ஒரு மொத்தப் பழக்கடையில் கூட்டித் துடைத்தவள். அங்கே லொறியில் சாமான் வந்தாலும் போனாலும் கூடவே ஒரு துண்டு வரும். அதற்குப் பெயர் பொல்லா. என்ன சாமான், எத்தனை பெட்டி, எங்கிருந்து எங்கே என்று அதில் எழுதியிருக்கும். சாம்பல் உடுப்புப் போட்ட அதிகாரிகள் வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். துண்டைக் காணவில்லை என்றால் முதலாளி தலையில் கையை வைப்பார், லொறிக்காரன் மாதாவைக் கூப்பிடுவான், நான் தக்காளிப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிப்பேன். எனக்கு அந்தச் சொல் காதில் விழுவதே பொல்லாப்பு என்றுதான். தமிழ் தெரிந்த எவரோதான் அந்தத் துண்டுக்குப் பெயர் வைத்திருக்க வேண்டும் என்று நினைத்ததுண்டு.

"நோ பொல்லா!" என்றேன். "நான் ஒண்டும் கொண்டுவரேல்லை!"

"பொல்லா! பொல்லாவைப் பாருங்கோ! எங்கே நிக்குது?"

எங்கே நிற்குதோ எனக்குத் தெரிந்தால் அல்லவா! கந்தோருக்கு ஓடினேன். பத்ரோனாவின் அலுமாரியில் ஒரு நீலக் கோப்பு இருந்தது, வருகிற துண்டெல்லாம் அதற்குள்தான் போகும். அதை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். வழியில் இரண்டு துண்டு பறந்தது, துரத்திப் பிடித்தேன். வண்டி ஜன்னலால் எல்லாவற்றையும் நீட்டினேன். மூச்சு இளைத்தது.

கிழவர் என்ஜினை நிற்பாட்டினார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். மேலே இருந்த துண்டை எடுத்து ஆறுதலாக வாசித்தார்.

"கக்கூஸ் பேப்பர். இருபத்திநாலு கட்டு." என்னைப் பார்த்தார். "சரி, சிஞ்ஞோரா. இதை எந்தச் சில்லுக்குக் கீழே வைக்கப் போறியள்?"

அவர் மனைவிக்கு இங்கிலிஷில் சொன்னார். அந்த அம்மா வண்டிப் படியிலேயே இருந்துவிட்டா. தொப்பி கழன்று விழுந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தா. பிறகு என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் நிலத்தைக் காட்டினா. சோபாவுக்கு முன்னால் ஒரு மஞ்சள் சட்டம் வைத்திருந்தது. அதன் நடுவில் சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் பச்சைத் தண்ணி, தண்ணிக்குள் ஒரு குமிழ். "பொல்லா," என்றா அந்த அம்மா, புருசன் கத்தின சொல்லையே திருப்பி, அந்தக் குமிழை விரலால் தொட்டு.

ரசமட்டம்! மேசன்மார் சுவரில் வைத்துப் பார்க்கிற அதே ரசமட்டம். குமிழுக்கும் பொல்லாதான் பெயராம். ஒரு நாட்டில் குமிழுக்கும் துண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் நான் என்ன செய்வது? "ஐயோ, இதுக்கோ நான் ஓடினனான்," என்று தமிழிலேயே சொன்னேன். அந்த அம்மா எல்லாம் விளங்கினதுபோலத் தலையாட்டி "கிராத்சியே" என்றா.

அதற்குப் பிறகு வேலை சுறுக்காக நடந்தது. எனக்குக் குமிழ் பார்க்கிற வேலை. வண்டிக்குள் குப்புறப் படுத்துக்கொண்டு, ஜன்னலால் கேட்கும்படி கத்த வேண்டும். குமிழ் எப்போதும் உயர்ந்த பக்கம்தான் ஓடும். அது கடலுக்கு எதிர்ப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டு நின்றது, நிலம் கடலை நோக்கிச் சரிவு. கடற்பக்கச் சில்லுகளுக்கு முன்னால் பலகை வைத்து, வண்டியை அதன்மேல் ஏற்றினார். போதவில்லை. இன்னொரு பலகை. குமிழ் நடுவை நோக்கி நகர்ந்தது. இனி வண்டியின் அடியில் இருக்கிற நான்கு இரும்புக் கால்களை இறக்கி நிலத்தில் ஊன்ற வேண்டும். மிச்சச் சரிவை அவை எடுத்துவிடும் என்றார். முன்கால் இரண்டும் இறங்கின. பின்னால் இடக்கால் இறங்கியது. வலக்கால் இறங்கப் போகிற இடத்தை ஜன்னலால் பார்த்தேன்.

அந்த இடத்தில் புல் மற்ற இடத்தைவிடப் பச்சையாக இருந்தது.

நான் காலையில் கழிவறை கழுவி ஊற்றுகிற தண்ணி எங்கே போகிறது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே பார்த்து வைத்தவள் நான். வேறு ஆருக்கு அந்த யோசனை வரும்? குழாய் மதிலோரமாக வந்து, இந்தப் பக்கம் திரும்பி, நிலத்துக்குக் கீழே போகும். மாசியில் மழை பெய்தபோது இந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையின் கால் புதைந்ததையும் கண்டிருந்தேன்.

"நிப்பாட்டுங்கோ!" தமிழில்தான் கத்தினேன். பிறகு இறங்கி ஓடி, கைகளை விரித்துக்கொண்டு இரும்புக் காலுக்கு முன்னால் நின்றேன். "நோ கூய்! இஞ்சை வேண்டாம்!"

"நல்ல நிலம்தானே," என்றார் கிழவர்.

வாயால் விளங்கப்படுத்த எனக்கு அவ்வளவு இத்தாலியன் வராது. ஆகையால் துள்ளினேன். இரண்டு காலையும் சேர்த்து அந்தப் புல்லில் துள்ளினேன். டொம் என்று வெறும் பானையில் தட்டினதுபோல ஒரு சத்தம் வந்தது. கிழவர் பெட்டியடிக்குப் போனார். இரும்பு அலவாங்கை எடுத்து வந்து நிலத்தில் குத்தினார். டொம். இரண்டு முழம் தள்ளிக் குத்தினார். அங்கேயும் டொம். மலக்குழிக்கு மேல், ஒரு சீமெந்துத் தட்டையும் கொஞ்ச மண்ணையும் நம்பி, அவருடைய வண்டியின் பின்பாதி நின்றது.

"பெத்தா மாத்ரி," என்றார் மெல்ல. சிசிலிக்காரர் மாதாவைக் கூப்பிடுகிற விதம் அது. பிறகு மனைவியை வண்டியிலிருந்து இறங்கச் சொன்னார். அந்த அம்மா ஏன் என்று கேட்டா. அவர் சொல்லவில்லை. பிறகு எப்போதாவது சொன்னாரோ தெரியாது.

செய்த வேலை எல்லாவற்றையும் அவிழ்த்தோம். கால்களைத் தூக்கி, பலகையிலிருந்து இறக்கி, வண்டியை எடுத்தார். எடுத்துவிட்டு, "இப்ப எங்கே விடுறது, சிஞ்ஞோரா?" என்று என்னைக் கேட்டார்.

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பத்ரோனா சொன்ன இடத்தை மாற்றினால் அவ ஏசுவா. மாற்றாவிட்டால் வண்டி குழிக்குள் போகும். ஏச்சு கேட்டுப் பழக்கம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, உடுப்புக் காயப்போடுகிற கொடிகளுக்குப் பக்கத்து இடத்தைக் காட்டினேன். கடல் தெரியாது, மதில்தான் தெரியும். ஆனால் முந்தி அது ரோட்டாக இருந்த நிலம், அங்கே எங்கே துள்ளினாலும் சத்தம் வராது. துள்ளியும் காட்டினேன். சுவர் எவ்வளவு தூரம் வெளியே வரும் என்று கேட்டு, அந்தத் தூரத்தைக் காலடியால் அளந்து, ஒரு மரக்கொப்பு இடிக்கும் என்று கண்டு, வண்டியை இன்னும் முன்னுக்கு எடுப்பித்தேன். அவர் எடுத்தார்.

இரண்டாம் தரம் பாதி நேரம்தான் எடுத்தது. குமிழ் நடுவுக்கு வந்தது.

"பெர்பெத்தோ! சரியான மட்டம்!" என்றார் வெளியிலிருந்து.

"இல்லை. மயிரிழை இடப்பக்கம்."

இரும்புக் காலைக் கொஞ்சம் அசைத்தார். "இப்ப?"

"இப்ப மயிரிழை வலப்பக்கம்."

"சிஞ்ஞோரா, இதைவிடச் சரிஞ்ச அடுப்பில நாற்பது வருசம் பாண் சுட்டிருக்கிறன். ஒரு பாணும் உருளேல்லை."

"பாணுக்குச் சுவர் இல்லை," என்றேன். எப்படி அந்த வாக்கியம் இத்தாலியனில் வந்ததோ!

நான்கு தரம் திருத்தினோம். ஐந்தாம் தரம் நானே வாயைத் திறக்கவில்லை. குமிழ் இரண்டு கோட்டுக்கும் சரி நடுவில், பிள்ளை நித்திரை கொண்டதுபோல நின்றது.

அந்த நேரம் பார்த்துத்தான் பத்ரோனா வந்தா. அவவுக்குப் பின்னால், பஸ்ஸால் இறங்கி, கையில் குவெஸ்தூராத் துண்டோடு இவரும் வந்தார். பத்ரோனாவின் ஒரு கன்னம் வீங்கியிருந்தது. பல் பிடுங்கப் போட்ட விறைப்பூசி இன்னும் விடவில்லை. வண்டி கொடிகளுக்குப் பக்கத்தில் நிற்பதைக் கண்டதும் ஏசத் தொடங்கினா. அரை வாயால் ஏசினபடியால் எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கை மட்டும் கடலைக் காட்டியது, வண்டியைக் காட்டியது, என்னைக் காட்டியது, கடைசியாகக் கேற்றைக் காட்டியது. அந்தக் கடைசி விளங்கியது.

"என்னப்பா சொல்லுறா?" என்று இவரைக் கேட்டேன்.

"வண்டி வடிவா நிக்குதாம்."

"பகிடி விடாதேங்கோ!"

"உம்மை ஆர் இதெல்லாம் செய்யச் சொன்னது? நான் வந்து பாத்திருப்பன்தானே." சொல்லிக்கொண்டே இவர் வண்டிக்கடியில் குனிந்து, பெரிய கெட்டிக்காரன்போல ஒரு பலகையில் கையை வைத்தார்.

"அதைத் தொடாதே!" என்று கிழவர் கத்தினார். "சிஞ்ஞோராவைக் கேட்காமல் ஒன்றையும் தொடாதே!"

இவர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

நான் பத்ரோனாவின் கையைப் பிடித்தேன். அந்தத் துணிவு எப்படி வந்தது என்று தெரியாது. பயம் மிஞ்சினால் அப்படித்தான் வருமாக்கும். புல்லடிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் துள்ளினேன். டொம். கிழவர் அலவாங்கால் குத்திக் காட்டினார். பத்ரோனா நின்று யோசித்தா. வீங்கின கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டு ஆறுதலாக ஏதோ சொன்னா. செத்துப்போன தன் புருசன் வெட்டின பழைய குழி, எங்கே என்று இத்தனை வருடமாக மறந்துபோய்விட்டது என்று கிழவர் எனக்கு விளங்கப்படுத்தினார். அவ சிலுவை போட்டா. புருசனுக்காகவோ குழிக்காகவோ தெரியாது.

இனிச் சுவர்தான் மிச்சம். எல்லாரும் வெளியே நின்றோம். கிழவர் மனைவியோடு உள்ளே போய்ப் பொத்தானை அமத்தினார். உறுமல் சத்தம் ஒன்று எழும்பியது. வண்டியின் வயிறு மெல்ல வெளியே வந்தது. நான் கண்ணை மூடினேன். அந்தோனியாருக்கு ஐந்து மெழுகுதிரி, பலெர்மோவைக் காக்கிற சாந்தா ரொசாலியாவின் மலைக்குச் செருப்பில்லாமல் ஏறுவது, எல்லாம் நேர்ந்தேன். பாதி வழியில் சத்தம் நின்றது.

"இறுகிட்டுது!" என்றேன். "நான் அப்பவே சொன்னனான். மயிரிழை இருந்தது. நான்தான் வாயை மூடிக்கொண்டு இருந்திட்டன்!"

"கண்ணைத் திறந்து பாரும்," என்றார் இவர்.

கிழவரின் மனைவி உள்ளே சோபாவில் கொளுவிக்கொண்ட ஒரு கதிரையை இழுத்து எடுத்துக்கொண்டிருந்தா. கதிரை போனது, சத்தம் திரும்ப எழும்பியது, சுவர் ஒரு சொல்லும் சொல்லாமல் கடைசி மட்டும் வந்து நின்றது. பத்ரோனா அரை வாயால் "பிராவோ!" என்று கத்தினா, அது "பாவோ" என்று கேட்டது. அந்த அம்மா ஜன்னலுக்குள்ளால் காலை நீட்டிக் காட்டினா.

பின்னேரம் எல்லாரையும் அந்த அகலமான அறைக்குள் இருத்திக் கோப்பி தந்தார்கள். பத்ரோனாவின் வாய் திரும்ப வந்திருந்தது. வந்த வாயால் அவ முதலில் இவரைத்தான் பிடித்தா.

"உனக்கு மட்டம் பார்க்கத் தெரியும் என்று சொன்னாயே?"

'சீ' சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். இவர் கோப்பையை வைத்தார்.

"தெரியாது, சிஞ்ஞோரா. பொய்தான் சொன்னனான். இவதான் எல்லாம் செய்தவ."

பத்ரோனா என் பக்கம் திரும்பி, "உன்ர முழுப் பெயரை எழுதித் தா," என்றா. "காவல் வேலைக்கு நாளைக்குக் கணக்கப்பிள்ளையிடம் துண்டு எழுதுவிக்கிறேன். உன்ர பேரில."

"ஈஸ்டர் இன்னும் வரேல்லையே," என்றேன். என்ன பேச்சுப் பேசினேன் பாருங்கள்!

"வரும். அது வராமல் விடாது."

"அவரின்ர பேரில எழுதுங்கோ. நான் எட்டாம் வகுப்புத்தான். கடிதம் வந்தால் வாசிக்க மாட்டன். எனக்கு எல்லாத்துக்கும் பயம்."

பத்ரோனா சிரித்தா, கன்னம் நொந்து நிறுத்தினா. "இதுவரைக்கும் மூன்று காவல்காரர் வைத்திருந்தேன். மூன்று பேரும் பயமில்லாதவர்கள். வாசிக்கிறதுக்கு எனக்கு ஆள் இருக்கு. பயப்படுறதுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை."

இவர் மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினார். "எழுதும். நான் உமக்குக் கீழ வேலை செய்யிறன். சம்பளத்தைப் பேசிப் பாப்பம்."

துண்டு வந்ததும், அதைக் கிழவர் எனக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினார். இரண்டாம் தரத்தில் முதல் தரம் இல்லாத ஒரு சொல் கேட்டதுபோல இருந்தபடியால்தான் மூன்றாம் தரம். பிறகு கையெழுத்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் இரண்டு பெட்டியும் சட்டிபானையும் வந்து சேர்ந்தன. பத்ரோனா காவல்காரர் வீட்டுத் திறப்பைத் தந்தா. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பூட்டிப் பார்த்தேன். பூட்டியது. திறந்தேன். சரியாகத்தான் பூட்டியதோ என்று சந்தேகம் வந்தது. திரும்பப் பூட்டினேன்.

வெளியே யாரோ தட்டினார்கள்.

"ஆர்?" என்றேன்.

"காவல்கார அம்மா," என்றது இவரின் குரல், "என்னை உள்ளுக்கை விடுவியளோ, இல்லாட்டி நானும் தொமானிதான் வரவேணுமோ?"